பிலோவை ஏன் கூப்பிடவில்லை

கிரி,

இதை நீ மெதுவாகத்தான் படிப்பாய். ஸ்கூலில் உனக்குக் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்தை நான்தான் சமையல் மேடையில் உன்னை உட்கார வைத்து, காய் நறுக்கிக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய். இந்த ஒரு விஷயத்துக்கு அது நல்லதுதான். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். நேரில் பேசினால் சிரித்தே என்னை மடக்கிவிடுவாய். காகிதத்தில் எழுதினால் நீ கடைசிவரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, சிங்கப்பூர் வேலை உறுதியாகிவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது என்று சொன்னாய். நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை, பெற்றவளுக்கு வருகிற சந்தோஷம் தானாகவே வந்தது. அடுத்த மூச்சிலேயே நீ கேட்டாய்: "அம்மா, சிங்கப்பூர்ல உனக்குத் தெரிஞ்ச லேப்காரங்க யாராச்சும் இருக்காங்களா? ஒரு இன்ட்ரோ மட்டும் குடு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. அங்கே எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். என்னிடம் பயிற்சிக்கு வந்து, ஊசி குத்தவே கை நடுங்கிய பெண், இன்று ஒரு பெரிய லேபை நடத்துகிறாள். அவள் பேரை உனக்குச் சொல்லப் போவதில்லை. கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. கோபம் தீர்ந்து இப்போது வேறு ஏதோ மிச்சம் இருக்கிறது. அது என்னவென்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

நீ ரத்தப் பரிசோதனை மெஷின் விற்கிறாய். நான் ஆயுசில் பாதிக்கு மேல் அந்த மெஷின்களோடு குடித்தனம் நடத்தியவள். ஆகவே பெங்களூரில் எந்த ஆஸ்பத்திரி லேபில் யார் தலைமை, யார் சொன்னால் மெஷின் வாங்குவார்கள் என்பதெல்லாம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாதாரணப் பேச்சு. அந்தப் பேச்சை நீ இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. நீ அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் லேப் தலைமை ஷைலஜாவின் பெண் எந்தக் காலேஜில் படிக்கிறாள் என்று விசாரிப்பாய். யுகாதிக்கு அவள் வீட்டுக்கு ஒப்பட்டு, நம் போளிதான், வாங்கிக்கொண்டு போவாய். "என் பையனுக்குப் பெரியவங்ககிட்ட எவ்வளவு ஒட்டுதல் பாருங்க" என்று பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன். உன் அப்பா நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டார், பிள்ளையாவது மனிதர்களோடு பழகத் தெரிந்தவனாக வந்தானே என்று சுவாமி படத்துக்கு முன்னால் நின்று நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன்.

ஷைலஜா எனக்கு எப்படிப் பழக்கமானாள் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நீயும் கேட்டதில்லை, அவள் எந்தப் பதவியில் இருக்கிறாள் என்பது மட்டும் உனக்குப் போதுமாக இருந்தது. நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் எங்கள் மெஷின் நின்றுவிட்டது. மேலே டயாலிசிஸ் வார்டில் நோயாளிகள் காத்திருந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியாமல் டாக்டரால் எதுவும் செய்ய முடியாது. கம்பெனி ஆள் மறுநாள்தான் வருவான் என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் வேலை செய்துகொண்டிருந்த பிலோமினாதான் அதட்டினாள். "அழுது இன்னாடி ஆவப் போவுது? அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. அவங்க இன்னா நமக்கு எதிராளியா?" உண்மையில் எதிராளிதான், நோயாளிகளுக்காக இரண்டு ஆஸ்பத்திரியும் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் போன் போட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பெண்ணின் குரல். நான் யார், எந்த ஆஸ்பத்திரி, ஏன் கேட்கிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே நிறுத்தி, மரியாதைக்கு ஒரு கன்னட 'ரீ' சேர்த்த தமிழில் சொன்னாள். "சாம்பிள அனுப்பிடுங்க ரீ. பேரு கீரு எல்லாம் ஆமேலே கேட்டுக்கறேன்." ஐஸ் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நானே ஆட்டோவில் போனேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். வாங்கிக்கொண்டு ஓடினாள். ரிசல்ட் எல்லாம் வந்த பிறகுதான் பேர் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் மெஷின் நின்றபோது நாங்கள் செய்தோம். எங்களிடம் டெஸ்டுக்கு ஊற்றும் ரீஏஜென்ட் தீர்ந்தபோது அவள் ஒரு கிட் கொடுத்தனுப்பினாள். இவ்வளவுதான் என்றால் கொடுக்கல் வாங்கல் என்று நீ சொல்லிவிடுவாய். இன்னொன்றும் நடந்தது. ஒரு தடவை அவளே போன் செய்து, "ரீ, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கால்சியம் ரிசல்ட் கொஞ்ச நாளா கூடுதலாவே காட்டுது. உங்ககிட்ட பாத்துட்டு இங்க வந்த பேஷன்ட்டுங்களுக்கு நாங்க திரும்பப் போட்டோம். வேற யாருக்கும் சொல்லல, முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ யாரடி என் லேபைச் சொல்ல என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அவள் அதை எங்கள் டாக்டரிடம் சொல்லியிருந்தால் அவள் ஆஸ்பத்திரிக்கு நல்ல பேர், என் வேலைக்கு ஆபத்து. அன்றைக்குத்தான் அவள் என் சிநேகிதி ஆனாள். என்னிடம் எதுவும் எதிர்பார்க்காமல், எனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் ஒருத்தி உண்மையைச் சொன்னாள். கிரி, உன்னுடைய பழக்கங்களில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கொஞ்சம் யோசித்துப் பார்.

பிலோவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். உன் அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்த நாட்களில் நீ எங்கே தூங்கினாய்? ஒக்கலிபுரத்தில் அவள் வீட்டு ஹாலில், அவள் பிள்ளைகளுக்கு நடுவில். உன் யூனிஃபார்மைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பினாள். நம் வீட்டில் சமைக்காத முட்டையை டிபன் டப்பாவில் வைத்து, "அம்மாகிட்ட சொல்லாதடா, உடம்புக்கு நல்லது" என்றாள். அப்பா போன பிறகு பதினாறு நாளும் காலையில் வந்து, வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்ப வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. உளுந்து ஊற வைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், போனாள்.

இனி அந்த விழாவுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரியில் ஒரு பூங்கொத்து கொடுத்து, கேக் வெட்டி, கை தட்டி அனுப்பிவிட்டார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நீதான் விடவில்லை. "இவ்ளோ வருஷம் உழைச்சிருக்க, உனக்கு நான் ஒரு ஃபங்ஷன் பண்ணணும்மா. நீ ஒண்ணும் பண்ணாத, எல்லாரையும் நானே கூப்பிடறேன்" என்றாய். மல்லேஸ்வரத்தில் அந்த ஹோட்டலின் மாடி ஹால். மாம்பழக் கலர் பட்டுப்புடவையை நீயே எடுத்துக் கொடுத்திருந்தாய். உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊரில் இருக்கிற லேப் தலைமைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பல வருஷமாகப் போனில் மட்டும் பேசிய குரல்களுக்கு அன்றுதான் முகம் பார்த்தேன். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் பிள்ளை எனக்காக இத்தனை பேரைத் தேடிக் கூட்டி வந்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் அன்றைக்கு அப்படிச் சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஷைலஜா கொஞ்சம் தாமதமாக வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "பிலோ எல்லி? காணோமே ரீ?" என்றாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். பிலோ இல்லை. எனக்கே தோன்றாமல் அவள் கேட்டுத்தான் தோன்றியது என்பது என் தப்பு. அதை உன் தலையில் கட்ட மாட்டேன். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ கண் சிமிட்டாமல், "வருவாங்கம்மா, டிராஃபிக்கா இருக்கும்" என்றாய். நானும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் உன் மேலதிகாரி மேடைக்கு வந்தார். யாரோ உன் சிநேகிதர் என்று நினைத்தேன். எனக்குச் சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டு, பழக்கூடை கொடுத்தார். விளக்கை அணைத்தார்கள். திரையில் என் போட்டோக்கள். கல்யாணப் போட்டோ. உன் அப்பா உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பது. வெள்ளைக் கோட்டில் நான், மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால், எவ்வளவு ஒல்லியாக. அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வெள்ளைக் கோட்டுப் போட்டோ மறைந்தது, அடுத்து ஒரு மெஷின் வந்தது. உங்கள் கம்பெனியின் புது மெஷின். ஒரு மணி நேரத்தில் எத்தனை டெஸ்ட் போடும், எவ்வளவு ரத்தம் போதும் என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் அழகான இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனது. எனக்குக் கொஞ்ச நேரம் புரியவே இல்லை. எங்கேயோ தப்பாக ஒரு படம் கலந்துவிட்டது, இப்போது நிறுத்துவார்கள் என்றே நினைத்தேன். விளக்கு வந்தபோது ஷைலஜாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஆஸ்பத்திரியின் எல்லாக் கிளைகளுக்கும் மெஷின் வாங்கப் போகிறார்கள், அதை முடிவு செய்யும் கமிட்டியில் அவள் இருக்கிறாள் என்பது நம் சாப்பாட்டு மேஜையில் நான் சொன்ன செய்திதான். "வேலை இருக்கு ரீ, வரேன்" என்று எழுந்தாள். சாப்பிடவில்லை. அவள் படி இறங்குவதற்குள் உன் மேலதிகாரி ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

காரில் திரும்பும்போது கேட்டேன். "பிலோ ஆண்ட்டி வரவே இல்லையே. போன் பண்ணிப் பாத்தியா?"

"சொல்லலம்மா."

"மறந்துட்டியா?"

"மறக்கல." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அவங்க இப்ப எந்த ஹாஸ்பிடல்லயும் இல்லையேம்மா. ஹால்ல இவ்ளோ சீட்டுதான்னு சொன்னாங்க. கம்பெனி பட்ஜெட்."

விழா யாருடையது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்காமலே நீ விளக்கினாய். "இதுல என்னம்மா தப்பு? உனக்கும் ஒரு நல்ல ஃபங்ஷன் ஆச்சு. எனக்கும் நாலு பேர் பழக்கமாச்சு. நெட்வொர்க்கிங்னா இதுதான். யாருக்கும் நஷ்டம் இல்ல." சால்வை மடியில் இருந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபத்தெட்டு வயசுப் பிள்ளையைக் கன்னத்தில் அறைய முடியாதே.

யாருக்கு என்ன நஷ்டம் என்று உனக்குத் தெரியாதவற்றை இப்போது சொல்கிறேன்.

ஷைலஜாவோடு எடுத்த போட்டோவை உன் கம்பெனி தன் இணையப் பக்கத்தில் போட்டது. ஊரின் பெரிய லேப் தலைவர்கள் எங்கள் விருந்தினர்கள் என்று ஏதோ எழுதி. போட்டிக் கம்பெனிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுபோய் அவள் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். மெஷின் விற்பவன் செலவில் விருந்துக்குப் போனாள் என்று புகார். அவளைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை வைத்தார்கள். உங்கள் மெஷினையும் தள்ளிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த விழாவுக்கு வந்த வேறு இரண்டு ஆஸ்பத்திரிகள் உன்னிடம் வாங்கின. கணக்குப் போட்டால் உனக்கு லாபம்தான். சிங்கப்பூரும் அப்படித்தான் வந்தது.

முதலில் ஒக்கலிபுரத்துக்குப் போனேன். யாரோ சொல்லி பிலோவுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று. எதையும் மறைக்கவில்லை, நீ காரில் சொன்னதையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "எனக்கும் சொல்லியிருந்தா நானும் ஒரு பட்டுப்புடவைய கட்டிக்கினு வந்திருப்பேனே. புள்ள பெரிய ஆளுங்கள கூப்ட்டிருக்கான், உடு" என்றாள். காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. அடுப்பு பற்றவைத்த சத்தமும் கேட்கவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். காபி இல்லை. "பால் தீர்ந்துபோச்சுடி" என்றாள். நானும் சரி என்றேன்.

ஷைலஜா வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வருவதற்கு இன்னும் நாளானது. அடுகோடியில், வொர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் அவள் வீடு. கதவைத் திறந்தவள் எப்போதும்போல், "உள்ள வாங்க ரீ" என்றாள். உட்கார்ந்ததும் நான் கொட்டிவிட்டேன். "நான் வந்து உங்க டைரக்டர்கிட்ட சொல்றேன், ஷைலா. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எல்லாம் என் பையன் பண்ண ஏற்பாடுன்னு."

"பேடா ரீ, வேண்டாம்" என்றாள். "விசாரணையில கேட்டாங்க, யாரு கூப்ட்டாங்கன்னு. என் ஃப்ரெண்டு ரிடையர் ஆனாங்க, அதுக்குப் போனேன்னு மட்டும் சொன்னேன். கிரி பேர எடுக்கல. என்னை ஏமாத்திட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனா இந்த ஊர்ல எந்த லேப்லயும் அவன அப்புறம் உள்ள விட மாட்டாங்க. சின்னப் பையன். வேலைய இப்பதான் கத்துக்கறான்."

வெளியே ஏதோ கடைசல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகச் சொன்னாள். "ரொம்ப பேஜார் ஆனது எதுக்குத் தெரியுமா? அது நல்ல மெஷின். எங்க லேப்ல வெச்சு ஓட்டிப் பாத்துட்டு, உங்க ஃபங்ஷனுக்கு முன்னாடியே நான் அதுக்குத்தான் முதல் மார்க் போட்டு வெச்சிருந்தேன். அவன் ஒண்ணுமே பண்ணாம சும்மா இருந்திருந்தாலே போதும். இப்ப என் மார்க்க யார் நம்புவாங்க? என் வேலையில இதுவரைக்கும் யாரும் என்னை ஒரு தடவகூட சந்தேகப்பட்டதில்ல ரீ."

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "உங்க மேல கோபம் இல்ல. ஆனா கொஞ்ச நாளைக்குப் போன் பண்ணாதீங்க. உங்க குரல் கேட்டா எனக்கு அந்த ஸ்கிரீன் ஞாபகம் வருது" என்றாள். நான் பண்ணுவதில்லை. அவளும் பண்ணுவதில்லை. விசாரணை முடிந்து, அவள் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். கமிட்டியில் மறுபடி சேர்க்கவில்லை. இதையும் வேறொருவர் சொல்லித்தான் கேட்டேன். அவளைப் பற்றிய செய்தி எனக்கு வேறொருவர் வழியாக வருவது இதுதான் முதல் தடவை.

பழக்கமே வேண்டாம் என்று உன்னிடம் சொல்லவில்லை, கிரி. தனியாக யாரும் எந்த வேலையும் செய்துவிட முடியாது. என் வேலை முழுக்க அந்த ஒரு போனில் ஆரம்பித்தது என்று சொன்னேனே. எனக்கும் அன்றைக்குத் தேவை இருந்தது, தேவைக்காகத்தான் போன் செய்தேன். ஆனால் என்ன தேவை என்று முதல் வார்த்தையிலேயே சொன்னேன். சாம்பிளைப் பூக்கூடைக்குள் வைத்துக் கொண்டு போகவில்லை. நீ ஷைலஜாவிடம் போய், "ஆண்ட்டி, இது எங்க மெஷின், பாத்துட்டு சரியா இருந்தா வாங்குங்க, இல்லேன்னா ஏன் வேண்டாம்னு சொல்லுங்க" என்று நேராகக் கேட்டிருக்கலாம். அவள் சொல்லியிருப்பாள். அவள் சொல்லத் தெரிந்தவள். நீ கேட்பதற்குப் பதில் என்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றாய். என் கல்யாணப் போட்டோவை, உன் அப்பாவை, நான் அழுததை எல்லாம் வைத்து வழி பண்ணிக்கொண்டாய். வெளியாள் ஒருவன் இதைச் செய்திருந்தால் நான் வீட்டுக்கு வந்து உன்னிடம்தான் சொல்லி அழுதிருப்பேன். நீயே செய்துவிட்டதால் யாரிடம் சொல்வது என்று இத்தனை நாள் தெரியவில்லை.

பதவியில் இருப்பவர்களிடம் பழகுவது சுலபம். அவர்கள் நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் நீ அவர்கள் வீட்டுக்குப் போகிறாயா என்று பார். நானும் இப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. இதை நினைத்துக்கொண்டே நான் தூங்கப் போன நாட்கள் உண்டு. உன் போன் வரும்போதெல்லாம், இவனுக்கு இப்போது யார் நம்பர் வேண்டும் என்று என் மனசு முதலில் கேட்கிறது. நீ "சாப்ட்டியாம்மா" என்று கேட்டால்கூட. அந்தக் கேள்வியை உன் வாயில் சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஷைலஜா உன் பேரைச் சொல்லாமல் விட்டது உனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவள் டைரக்டரின் அறை எங்கே இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும். பிலோ வீட்டுக்கும் வழி தெரியும். போ என்று நான் சொல்ல மாட்டேன். அம்மா சொன்னாள் என்று போனால் அதுவும் ஒரு ஏற்பாடாகிவிடும், அவர்களுக்கு அது வேண்டாம். நீ போனாயா இல்லையா என்று என்னிடம் சொல்லவும் வேண்டாம்.

ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், பெட்டியில் இடம் விட்டு வை. அங்கே உன் கம்பெனிக்காரர்கள் யாராவது வழியனுப்ப வந்திருந்தால், என்னை அவர்களுக்கு அறிமுகம் செய்து வைக்காதே.

அம்மா